நாற்பது பின்களும் ஜெகதீஸ்வரியின் கையெழுத்தும்

ஜெகதீஸ்வரி 1978இல் சுங்கை பாக்காப்பில் பிறந்தவர்; மணமாகித் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனுக்கு வந்தவர். நாள்தோறும் ஃபெர்ரி ஏறிக் கடலைக் கடந்து, அக்கரையிலுள்ள மாக் மண்டினில் திருநாவுக்கரசு நடத்தும் கடைசல் பட்டறையில் தரப் பரிசோதகராகப் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணியாற்றுகிறார். அவர் கையெழுத்திடாத பொருள் எதுவும் அந்த வாசலைத் தாண்டியதில்லை.

2023இல் பட்டறைக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது: தாக்குதல் ஹெலிகாப்டருக்கான உதிரிப் பாகம். தாக்குதல் ஹெலிகாப்டர் ஆள் ஏற்றிச் செல்வதற்கானது அன்று. தரைப்படைக்குத் துணையாகத் தாழப் பறந்து, எதிரியின் டாங்கிகளைத் தேடி அடிப்பதே அதன் வேலை. ஒரு நாடு அதை வாங்க முடிவெடுத்துக் கையில் பெறுவதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடும். இடையில் அதன் உதிரிப் பாகங்கள் பல ஊர்ப் பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். ஏவுகணைத் தாங்கியை ஹெலிகாப்டரின் பக்கவாட்டுச் சிறு இறக்கையோடு பிணைக்கும் எஃகுப் பின்கள் இவர்களுக்கு வந்தன. மாதிரிக்கு நாற்பது. தேறினால் ஐந்தாண்டு ஆர்டர். தேறாவிட்டால் வேறு பட்டறைக்குப் போய்விடும்.

ஆயுத பூசைக்கு முதல் நாளே நாற்பதும் அளவு பார்த்து முடிந்தன. பூசையன்று இயந்திரங்கள், கருவிகள் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். மறுநாள் பத்து மணிக்கு, ஆர்டர் தரும் நிறுவனத்தின் ஆய்வாளர் வருவதாக இருந்தது. அன்று காலை ஜெகதீஸ்வரி கடைசியாக ஒருமுறை பின்களை, தடிமன் மிகாத பின் மட்டுமே நுழையும் அளவு வளையத்தில் விட்டுப் பார்த்தார். ஒன்றுகூட நுழையவில்லை.

"ஒரு சுத்து தேய்ச்சா போய்டும்லா அக்கா," என்று கடைசல்காரர் யுகேந்திரன் இரண்டைத் தேய்த்தே விட்டார். இரண்டும் நுழைந்தன.

"பாத்தியா ஜெகா! எல்லாத்தையும் தேய்ச்சிடச் சொல்லு. மணி எட்டாச்சு," என்றார் திருநாவுக்கரசு.

"யாரும் கை வைக்காதீங்கண்ணே. முந்தாநாள் உள்ள போன பின்னு இன்னிக்கு எப்படிப் பெருக்கும்?"

மைக்ரோமீட்டரில் அளந்தார். தேய்க்காத முப்பத்தெட்டும் சரியாக இருந்தன; தேய்த்த இரண்டுதான் இளைத்திருந்தன. வளையத்தை வெளிச்சத்தில் பிடித்தார். உட்புறத்தில் மெல்லிய மஞ்சள் படலம் காய்ந்திருந்தது. அந்த வளையத்துக்குச் சந்தனம் வைத்தவரும், காலையில் வெளிப்புறத்தை மட்டும் துடைத்தவரும் அவரேதான்.

வளையத்தைக் கழுவியதும் முப்பத்தெட்டும் தடையின்றி நுழைந்தன. இளைத்த இரண்டையும் தேறாதவற்றுக்கான சிவப்புத் தட்டில் தனியே வைத்து, பதிவேட்டைத் திறந்தார்.

"சந்தனம்னு எழுதாத, சிரிப்பானுங்க. தூசுன்னு போடு," என்றார் திருநாவுக்கரசு.

"தூசு இல்லண்ணே. வெச்சது நான், நான்தான் எழுதணும்."

ஆய்வாளர் காஜா மொய்தீன் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். "பொட்டு வெச்சதெல்லாம் சரிக்கா, முகத்தை ஒழுங்கா கழுவி விட வேணாமா?" என்றார். தட்டிலிருந்த இரண்டையும், மற்றவற்றில் பத்தையும் காஜா மொய்தீன் அளந்தார். எல்லாம் பதிவேட்டில் உள்ளபடியே இருந்தன.

"தப்பே இல்லாத ஏட்டைக் காட்டியிருந்தா, நாற்பதையும் அளக்காம எழுந்திருக்க மாட்டேன்," என்று சொல்லி முப்பத்தெட்டுக்குக் கையெழுத்திட்டார். "மிச்சம் ரெண்டு எப்ப?"

"வியாழக்கிழமை," என்றார் ஜெகதீஸ்வரி. திருநாவுக்கரசு வாய் திறப்பதற்குள் யுகேந்திரன் கடைசல் எந்திரத்தை ஓட விட்டிருந்தார்.