அம்மன் மீனும் சீமெந்துத் தொட்டியும்

வெயில் காலத்தில் ஓடை வற்றும்போது மீன்கள் எங்கே போகும், தெரியுமா? எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவை அம்மன் கோயிலுக்குப் பின்னாலுள்ள மடுவுக்கு வந்துவிடும். அங்கே அடியிலிருந்து குளிர்ந்த ஊற்று கசிகிறது. கெம்பஸில் படிக்கும் நான், புரொஜெக்டுக்காக அந்த மீன்களைப் பிடித்து அளக்க வலையோடு போனேன். கோயில் தலைவர் மறித்தார்.

"தம்பி, அது அம்மன் மீனு. கை வைக்காத."

"அளந்துட்டு விட்டுருவேன் மாமா. ஊத்து நின்னா மீனும் போயிரும்னு எழுதணும்."

"ஊத்து எதுக்குடா நிக்கப்போவுது? ஒன் படிப்பு மீனுக்கு ஆகாது."

வலையைச் சுருட்டினேன். அடுத்த மாதம் திருவிழா. பக்தர்கள் கால் கழுவட்டும் என்று அதே தலைவர் ஊற்றைச் சுற்றிச் சீமெந்துத் தொட்டி கட்டிக் குழாய் இழுத்தார். ஊற்று வராத மடுவில் தண்ணீர் சுட்டது, மீன்கள் செத்து மிதந்தன. அம்மன் கோபமாம், பூசை வைத்தார். பொங்கல் நன்றாகத்தான் இருந்தது.

இப்போது கோயில் குழாயில் ஐஸ் மாதிரி தண்ணீர் வருகிறது. என் புரொஜெக்டுக்கு மீன் இல்லை.