அடுப்போரம் குளிர்காய்ந்த துப்பாக்கி

மொன்டானாவில் வெர்னா ஹாகன் துப்பாக்கியைத் தோளில் வைத்தால் எல்க் மான்கள் வரிசையில் வந்து நிற்கும். இதைச் சொல்வது வெர்னாவேதான். "கொஞ்சம் கூட்டித்தான் சொல்றேன், வரிசை அவ்வளவு நேரா இருக்காது" என்று ஒப்புக்கொள்வதும் அவளேதான். ஆனால் கொட்டகைச் சுவரில் அறைந்திருந்த எட்டு ஜோடிக் கொம்புகள் பொய்யில்லை. குடும்பத்தில் அந்த வருடம் முதல் மானை வீழ்த்தியவரின் பெயரைக் கொம்புக்குக் கீழே எழுதுவார்கள். எட்டிலும் வெர்னா.

ஒன்பதாம் வருடம் நாத்தனார் மார்லிஸ் மினசோட்டாவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கினாள். பூட்டிய கெட்டிப் பெட்டிக்குள் புதுத் துப்பாக்கி. குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைத் தனியே கழற்றி, தோட்டாக்களை அவற்றின் அட்டைப் பெட்டியிலேயே வைத்து, விமான நிலையத்தில் முறையாகச் சொல்லிப் பதிந்து கொண்டுவந்திருந்தாள். தோளில் தாங்கும் அதன் வால்நட் மரக் கட்டை தேன் பூசியதுபோல மின்னியது. கையில் வாங்கிய வெர்னாவின் கணவன் ஓடெல், திருப்பித் தர மனமில்லாமல் அதைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"முப்பத்தோரு வருஷத்துல என் துப்பாக்கிய நீ ஒரு நாளாவது இப்படிப் பார்த்திருக்கியா?"

"உன்னோடதுல டேப் சுத்தியிருக்கேடி."

அன்று மாலையே மார்லிஸ் காகிதக் குறியில் மூன்று தோட்டா சுட்டுப் பார்த்தாள். "பிரயாணத்துல இடிபட்டு துப்பாக்கி மேல இருக்கிற தொலைநோக்கி அசைஞ்சிருக்கும், அண்ணி. பார்க்காம மான் மேல சுடக்கூடாதில்ல." அசைந்துதான் இருந்தது. திருகிச் சரிசெய்தாள். அடுத்த மூன்றும் ஒரு நாணய அகலத்துக்குள் விழுந்தன. வெர்னாவுக்கு வயிறு எரிந்தது.

மார்லிஸ் தன் துப்பாக்கியைக் கொட்டகைக் குளிரிலேயே பூட்டி வைத்தாள். உறைபனிக் காலத்தில் வேட்டைத் துப்பாக்கியை வீட்டுச் சூட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே வெர்னாதான். ஆனால் அன்று வெர்னாவுக்கு அந்த டேப்பைத் தவிர வேறெதுவும் நினைவில்லை. தோட்டா இல்லையென்று பார்த்துவிட்டு, தன் துப்பாக்கியை அடுப்போரம் கொண்டுவந்தாள். டேப்பை உரித்தாள். கட்டை கண்ணாடியாகும்வரை எண்ணெய் தேய்த்தாள். குளிர்ந்த இரும்பு சூட்டில் வியர்த்தது. வெளியே துடைத்தாள், உள்ளே துடைக்கவில்லை. அப்படியே மறுபடி கொட்டகையில் கொண்டுபோய் வைத்தாள்.

விடிந்ததும் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டைகளில் அண்ணியும் நாத்தனாரும் ஓடைக்கரையில் படுத்திருந்தார்கள். காசு சுண்டியதில் முதல் சூடு வெர்னாவுக்கு. கொம்புள்ள ஆண் மான் ஒன்று பக்கவாட்டில் வந்து நின்றது. வெர்னா விசையை அழுத்தினாள்.

வெடி இல்லை. டிக் என்ற சத்தம் மட்டுமே. உள்ளே துடைக்காமல் விட்ட ஈரம் இரவில் பனியாகி, தோட்டாவைக் குத்தும் ஊசி உறைந்திருந்தது.

வெடிக்காத தோட்டா தாமதித்தும் வெடிக்கலாம். அதனால் அரை நிமிடம் குழலைத் திருப்பாமல் காத்திருக்க வேண்டும். வெர்னா காத்திருந்தாள். மான் தலையைத் தூக்கியது.

"அண்ணி, நான் சுடட்டுமா?" என்று பக்கத்திலிருந்து கிசுகிசுத்தாள் மார்லிஸ்.

வெர்னாவின் வாழ்க்கையிலேயே நீளமான அரை நிமிடம் அது. அது முடிவதற்குள் மார்லிஸின் வெடிச்சத்தம் ஓடையெங்கும் எதிரொலித்தது.

ஒன்பதாவது கொம்புக்குக் கீழே மார்லிஸ் பெயரை எழுதிய இரவு, விருந்துக்கு வந்தவர்களுக்கு மான் கறியைப் பரிமாறியபடி வெர்னா சொன்னாள்: "என் நாத்தனார் பாவம், தூரத்துலேர்ந்து வந்தவ. கேட்டதும் பெருந்தன்மையா தலையை ஆட்டிட்டேன்."

மார்லிஸ் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள்.

"நீங்க எங்க அண்ணி தலையை ஆட்டினீங்க? குளிர்ல நடுங்குனீங்க. நாந்தான் அதையே சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்."