மிக்ஸருக்குப் போகாத வயர்

மலேசியாவின் கிள்ளானில் ஒரு பெரிய கச்சேரி. பேஸ் கிட்டார் வாசித்தவருக்கு ஐம்பது வயதிருக்கும், கன்னம் ஒட்டிய ஆள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் குனிந்து சுருதி சேர்ப்பார்.

பெரிய அரங்கில் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஆம்ப் என்ற ஒலிபெருக்கிப் பெட்டி, வாசிப்பவர் காதுக்கு மட்டும்தான். கூட்டத்துக்குக் கேட்க, தனி வயர் மிக்ஸர் வழியாகப் பெரிய ஸ்பீக்கர்களுக்குப் போக வேண்டும். மேடையில் வயர் பார்ப்பது என் வேலை. இடைவேளையில் பார்த்தால், அவருடைய வயர் மிக்ஸரில் செருகப்படவே இல்லை. வெளியே முழங்கியது முன்பே பதிவு செய்த பேஸ்.

ஓடினேன். “அண்ணே, நீங்க வாசிக்கிறது வெளிய போகவே இல்ல லா!”

“தெரியும். இப்பல்லாம் எல்லா ஷோவிலயும் இப்படித்தான். ஸ்கிரீன்ல கை அசைஞ்சா போதுமாம்.”

சொல்லிவிட்டு, லேசாக இறங்கியிருந்த ஒரு கம்பியை முறுக்க ஆரம்பித்தார். சுருதி சேரும்வரை அவர் விடவில்லை.