அடுத்த வீட்டுக்கு வந்த கடிதம்

கல்யாணமாகி ஏழாம் மாதம் என் வீட்டுக்காரரைப் பகாங் காட்டுக்கு அனுப்பினார்கள். எல்லா இனத்தாரும் சேரலாம் என்று புதிதாக அமைத்த படைப்பிரிவில் அவர் சிப்பாய். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்கா முழுக்க ஒரே பேச்சு. காட்டுக்குள் மட்டும் கம்யூனிஸ்டுகளோடு சண்டை ஓயவில்லை. மலாக்காவின் காஜா பேராங்கில், கம்போங் செட்டி என்ற செட்டிகள் குடியிருப்பை ஒட்டிய வாடகை வீட்டில் நான் தனியாக இருந்தேன்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை அவர் கடிதம் வரும். "நான் நலம். நீ நலமா? இங்கே மழை. கதவைத் தாழிட்டுப் படு." அவ்வளவுதான். சிப்பாய்களின் கடிதங்களை மேலதிகாரிகள் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்களாம். அந்தக் கூச்சம் எனக்கும் தொற்றிக்கொண்டது. எனக்கு மூன்று மாதம் என்பதை, "உடம்பு கொஞ்சம் சரியில்லை, நல்ல விஷயம்தான்" என்று எழுதினேன். "மருந்து வாங்கிச் சாப்பிடு" என்று பதில் வந்தது. திருத்தி எழுதவும் வெட்கமாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த வீட்டில், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிகளில் ஒரு பெண்மணி இருந்தார். கணவரை இழந்தவர். சாமி கும்பிடுவதெல்லாம் நம்மைப் போலத்தான், உடுப்பது மலாய்க்காரர்களைப் போலக் கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியும், பேச்சு மலாய். நான் அவரை மாமி என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய ஒரே மகனும் என் வீட்டுக்காரருடைய பிரிவில்தான் இருந்தான். மாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகனின் கடிதங்களை மாமியின் அண்ணன் மகள் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் கல்யாணமாகி செமாபோக்குக்குப் போய்விடவே, அந்த வேலை எனக்கு வந்தது. இது அவனுக்குத் தெரியாது.

எனக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது, ஒரு முற்பகலில் கடித உறையை இரண்டு விரலால் பிடித்தபடி மாமி வந்தார்.

"மகளே, பாச்சா லா. படி. என் கையெல்லாம் மிளகாய்" என்றார் மலாயில்.

நான் உரக்கப் படிக்க ஆரம்பித்தேன்.

"அம்மா, நான் நன்றாக இருக்கிறேன். இதை ஊருக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். மூன்று வாரத்துக்கு முன் ஆற்றைக் கடக்கும்போது எங்களைச் சுட்டார்கள். பக்கத்து வீட்டு அண்ணனுக்குத் தோளில் குண்டு பட்டது. நானும் இன்னொருவனும் அவரைத் தூக்கிக்கொண்டு ஒரு பகல் முழுக்க நடந்தோம்..."

"போதும், நிறுத்து" என்றார் மாமி.

"இன்னும் இருக்கு மாமி" என்று நான் தொடர்ந்தேன். "இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிருக்குப் பயமில்லை. அக்காவுக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்."

மாமி கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "என் மகன் பொய் எழுத மாட்டான். உயிருக்குப் பயமில்லைன்னா பயமில்லைதான்."

நான் உள்ளே போய் என் வீட்டுக்காரருடைய கடைசிக் கடிதத்தை எடுத்து வந்தேன். எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கோணலாக இருந்தன. அது வந்த அன்று, மடியில் வைத்து எழுதியிருப்பார் என்று நினைத்திருந்தேன். அதிலும் "நான் நலம்" என்றுதான் இருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

அன்றே பதில் எழுதினேன். "குண்டு பட்டது வலது தோளிலா, இடது தோளிலா? எனக்கு ஐந்தாம் மாதம். மருந்து வேண்டாம். வரப்போவது குழந்தை." அவ்வளவுதான். எந்த அதிகாரி படித்தாலும் படிக்கட்டும் என்று ஒட்டினேன்.

"உங்க மகன் சொல்லித்தான் தெரிஞ்சதுன்னு அவன்மேல கோபப்படுவாரா மாமி?" என்று கேட்டேன்.

"தூக்கிச் சுமந்தவன்மேல எப்படிக் கோபப்படுவான்?" என்றார் மாமி.

மூன்று வாரம் கழித்து நான்கு தாள் கடிதம் வந்தது. இடது கையால், குழந்தை எழுதுவது போலப் பெரிய பெரிய எழுத்து. "வலது தோள். கை இன்னும் தூக்க வரவில்லை. நீ பயப்படுவாய் என்று மறைத்தேன். உண்மையில் நான்தான் பயந்தேன். தண்ணீரில் விழுந்தபோது உன் பெயரைச் சொல்லிக் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை, மாமி மகன் சொன்னான். குழந்தை என்று படித்ததும் பக்கத்துக் கட்டில்காரனை எழுப்பிச் சொன்னேன். அவன் சீனன், நான் சொன்னது அவனுக்குப் புரியவில்லை, ஆனாலும் கையைப் பிடித்துக் குலுக்கினான்."

எனக்கு எட்டாம் மாதம் நடந்தபோது அவர் வீடு வந்து சேர்ந்தார். வலது கை தோளுக்கு மேல் எழும்பவே இல்லை. படையிலிருந்து விடுவித்தார்கள், துறைமுகக் கிடங்கு ஒன்றில் கணக்குப்பிள்ளை வேலை கிடைத்தது. மகள் பிறந்தபோது இடது கையிலேயே ஏந்தப் பழகிக்கொண்டார்.

மாமியின் மகன் மெர்டேக்காவுக்குப் பிறகும் காட்டில்தான் இருந்தான். அவன் கடிதங்களை இன்னும் இரண்டு வருடம் மாமிக்கு நான் படித்துக் காட்டினேன். இவரும் கூட உட்கார்ந்து கேட்பார். காட்டைப் பற்றிய சில இடங்கள் வரும்போது எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். நானோ மாமியோ அவரைத் திரும்பக் கூப்பிட்டதில்லை.