தபேலாக்காரர் கேட்ட பெயர்கள்

செம்பூரில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் அவருடைய எருமைத் தபேலா இருந்தது; பால்மாட்டுக் கொட்டிலுக்கு இங்கே அதுதான் பெயர். திருநெல்வேலிக்காரர். ஏற்றிக் கட்டிய வேட்டி, சாணி படிந்த பெரிய பாதங்கள். வீட்டுக்கு ஓர் எருமை என்று வைத்து அதன் பாலைத்தான் ஊற்றுவார். "உங்க எருமைக்கு இன்னைக்கு மனசு சரியில்ல அண்ணாச்சி, பால் கம்மிதான்" என்பார், சிரிக்காமல்.

ஈத்தொல்லை தாங்கவில்லை, தபேலாவை அகற்றுங்கள் என்று கட்டடத்தார் மாநகராட்சிக்கு மனு எழுதினார்கள். மறுக்கக் கூச்சப்பட்டு நானும் கையெழுத்திட்டேன்.

சில நாளில் மனுவின் நகலோடு அவர் என்னிடம் வந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

"யார் யார் போட்டிருக்காவன்னு வாசிங்க அண்ணாச்சி. நேர்ல போய்க் கெஞ்சிப் பார்க்கேன்."

பதினோரு பெயர்களை வாசித்தேன். பன்னிரண்டாவது என்னுடையது. காகிதத்தை மடித்துவிட்டேன்.

"நீங்க போட மாட்டீயன்னு தெரியும். கூட வாங்களேன், நீங்க சொன்னா கேப்பாவ."

காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

பதினோரு வீட்டுக்கும் தனியாகவே போனார். யாரும் மனம் மாறவில்லை. மாதக் கடைசியில் எருமைகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பதினோரு பேரில் ஒருவராவது என் பெயரைச் சொல்லாமலா இருந்திருப்பார்? ஆனால் அவர்கள் வீடுகளுக்கெல்லாம் போய்வந்த அன்று சாயங்காலமே என் காய்ச்சலுக்கென்று சுக்குக் கஷாயம் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை வாசலில் நின்றிருந்தார்.