ஐந்து பெட்டிகளும் ஓர் ஓடிபியும்

1. விடியற்காலை மழையில், மலைப்பாதையின் ஒரு கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்தது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே பஸ் வரவில்லை. மேலேயிருந்து கீழேயும் போகவில்லை.
2. ரோட்டோரமாக ஏறி வரும் இணையக் கேபிள் அதே இடத்தில் அறுந்தது.
3. கரண்ட் போனது.
4. மதியத்துக்குள் செல்போன் டவரின் பேட்டரியும் தீர்ந்தது. எங்கள் வளப்பூர் நாட்டில் (மலையில் ஊர்த்தொகுதியை நாடு என்போம்) எல்லோருடைய போனும் வெறும் டார்ச் லைட்டானது.
5. பக்கத்துத் தோட்டத்து மாமாவின் மகள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வேளாண்மைப் பட்டப்படிப்பில் அவளுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அன்று மாலை ஐந்து மணிக்குள் கவுன்சலிங் இணையதளத்தில் 'ஏற்கிறேன்' என்ற பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.
6. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

ஆறாவதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் முகம் அழுது வீங்கியிருந்தது. காலை பஸ்ஸில் காரவள்ளிக்கு இறங்கி, அங்கே உட்கார்ந்து அழுத்திவிடலாம் என்று இருந்தவள். எங்கள் மலையில் முக்கியமான காரியம் எதுவானாலும் கீழே இறங்கித்தான் முடிப்பது வழக்கம்.

"அக்கா, உங்க பொட்டி வேலை செய்யுதுங்களா?" என்று கேட்டாள்.

ஒரு வருடமாக இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

பொட்டி என்று ஊரார் சொல்வது மெஷ் நெட்வொர்க்கை. நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். சாஃப்ட்வேர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். மழைக்கு மழை கேபிள் அறுவதைப் பார்த்து அலுத்துப்போய், ஐந்து இடங்களில் சின்னச் சின்னப் பெட்டிகளை வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆன்டெனா, ஒரு சோலார் பலகை, ஒரு பேட்டரி. ஒரு பெட்டி தனக்கு நேரே தெரியும் அடுத்த பெட்டியோடு வயர் இல்லாமல் பேசும், அது அதற்கடுத்ததோடு பேசும். கேபிளும் டவரும் அதற்குத் தேவையில்லை. முதல் பெட்டி எங்கள் வீட்டு மாடியில். அடுத்து ரேஷன் கடை மாடி. அப்புறம் பெரக்கரை நாட்டில் ஒரு டீக்கடை. பிறகு மலை விளிம்பில் ஒரு கம்பம். கடைசிப் பெட்டி கீழே காரவள்ளியில், எங்கள் மிளகை வாங்கும் பாயின் கடை மாடியில். அவர் கடைக்கு வரும் நெட் வேறு கேபிளில் வருவது. மலையில் எல்லாம் அறுந்தாலும் அது இருக்கும்.

ஊரில் இதற்குக் கிடைத்த மரியாதை தனிக்கதை. மாடிக் கம்பத்தைக் காட்டி, "குருவி முட்டை வெச்சிருச்சா?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்பார்கள். மாமா இன்னும் ஒருபடி மேல். "இருக்கற நெட்டே வேலை செய்யறதில்ல. அதுக்கு ஒரு எடுபிடி நெட்டாக்கும்?" என்பார். உண்மையில் அதுவரை அதில் பயணம் செய்தவை இரண்டே வகை: என் டெஸ்ட் மெசேஜ்கள், தினமும் காலையில் பாய் அனுப்பும் ரோஜாப்பூ படங்கள்.

லேப்டாப்பில் பெட்டிகளின் நிலவரம் காட்டும் பக்கத்தைத் திறந்தேன். எங்கள் பெட்டி பச்சை. ரேஷன் கடைப் பெட்டி சிவப்பு. அதற்கப்பால் என்ன நிலவரம் என்று தெரியவே வழியில்லை.

காரணம் மாடிக்குப் போனதும் விளங்கியது. எங்களுக்கும் ரேஷன் கடைக்கும் நடுவே மாமாவின் தோட்டம். மிளகுக்கொடி ஏறுவதற்காக வளர்த்த சில்வர் ஓக் மரங்கள். மிளகுக்கு வெயில் விழ வேண்டுமென்று வருடா வருடம் மழைக்கு முன் கிளை கழிப்பார்கள். போன வருடம் கழித்து முடித்த கையோடுதான் நான் பெட்டி வைத்தேன். அன்று ரேஷன் கடை மாடி கண்ணாடி மாதிரி தெரிந்தது. இந்த வருடம் கழிக்க ஆள் கிடைக்கவில்லை. இலை அடர்ந்து, மழையில் நனைந்து தொங்கியது. ஈர இலையைத் தாண்டி எங்கள் சிக்னல் போகாது.

இரண்டு பேரும் தோட்டத்துக்கு ஓடினோம். மாமா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். மழை அப்போதுதான் விட்டிருந்தது.

"மாமா, இந்த வரிசையில நிக்கற மரத்தையெல்லாம் இப்பவே கழிக்கோணும்."

"ஏங்கண்ணு, ரோடே இடிஞ்சு கெடக்குது. இதா நேரம்?"

"உங்க மரத்து எலை சிக்னலைக் குடிச்சுட்டு நிக்குதுங்க."

"எம்மரம் மழைத்தண்ணிதான் குடிக்கும். அது மேல இல்லாத பழியெல்லாம் போடாத."

மகள் குறுக்கே வந்தாள். "அப்பா, அஞ்சு மணி தாண்டுச்சுன்னா நான் இந்த மரத்தடியிலயே மிளகு பொறுக்கிட்டுக் கெடப்பேன். பரவால்லீங்களா?"

மாமா மண்வெட்டியைக் கீழே போட்டார். மிளகு பறிக்கும் ஒற்றை மூங்கில் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

அவர் மேலே ஏறி அரிவாளை வீசவும், கீழே நான் எங்கள் வீட்டுப் பெட்டியோடு இணைத்த போனைப் பார்த்துக்கொண்டு கத்தவுமாக வேலை நடந்தது. "இன்னும் இடது பக்கம்! அந்தக் கிளைங்க! அதுக்கு மேல!" ஒவ்வொரு கிளை விழும்போதும் ஒரு குடம் தண்ணீர் எங்கள் தலையில் கொட்டியது. "எனக்கே மரம் கழிக்கக் கத்துக் குடுக்கறா பாரு," என்று மேலேயிருந்து திட்டு விழுந்தது. மூன்றாவது மரத்தில் சிவப்பு மஞ்சளானது. நான்காவதில் பச்சை. ஒன்றன்பின் ஒன்றாகப் பெரக்கரை, விளிம்பு, காரவள்ளி என்று எல்லாம் பச்சையாயின. நான் குதித்ததில் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. ஒரு செருப்போடுதான் மாடிக்கு ஓடினேன்.

இணையதளம் மெதுவாகத் திறந்தது. அவள் பாஸ்வேர்டைப் போட்டாள். 'நீங்கள் பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது' என்று வந்தது.

இதை நான் யோசித்திருக்கவில்லை. ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வரும். எஸ்எம்எஸ்ஸுக்கு டவர் வேண்டும். என் பெட்டிகளால் அதைக் கொண்டுவர முடியாது.

"எந்த நம்பர் குடுத்திருக்கற?"

"பாய் நம்பருங்கக்கா."

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மலையில் டவரை யாரும் நம்புவதில்லை. விண்ணப்பம் எதுவானாலும், கீழே தெரிந்தவர் ஒருவரின் நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அது பாயின் நம்பர். சொந்த நம்பரைக் கொடுங்கள் என்று நான் எத்தனையோ பேரிடம் வாதாடியிருக்கிறேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

பெட்டிகளின் வழியே பாய்க்கு மெசேஜ் அனுப்பினேன்: "பாய், பாப்பா காலேஜ் சீட்டுக்கு உங்க போனுக்கு ஆறு எண் வந்திருக்கும். உடனே அனுப்புங்க."

பதில் வாய்ஸ் மெசேஜாக வந்தது. எங்கள் மெலிந்த இணைப்பில் அது இறங்கி முடிய யுகம் ஆனது. போட்டுக் கேட்டோம்.

"வணக்கங்க அம்மிணி. நல்லாருக்கீங்களா? ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா? மேல மண்ணு சரிஞ்சுதுன்னு டிரைவர் சொன்னாருங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்களே? இங்கயும் நல்ல மழைங்க. பாப்பாவுக்குக் காலேஜ் கெடச்சது ரொம்ப சந்தோசமுங்க. சரிங்க, நம்பர் சொல்லட்டுங்களா?"

அவ்வளவுதான். அதோடு முடிந்தது. எங்கள் உத்தரவுக்காக அங்கே காத்திருந்தார்.

திரையில் 'ஓடிபி காலாவதியாகிவிட்டது' என்று வந்தது. அதன் கீழே இன்னொரு வரி: இன்னும் ஒருமுறை மட்டுமே பெற முடியும். மணி நாலரையைத் தாண்டியிருந்தது. அவள் என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

மறுபடி கேட்கும் பட்டனை நான் உடனே அழுத்தவில்லை. முதலில் தட்டச்சு செய்தேன்: "பாய், கோவிச்சுக்காதீங்க. நலம் விசாரிக்கறதெல்லாம் அப்புறம். பேசவே வேண்டாம். புதுசா ஆறு எண் வரும். அதை மட்டும் தட்டி அனுப்புங்க. வேற ஒரு எழுத்துகூட வேண்டாம். புரிஞ்சுதுன்னா ஒரு ரோஜாப்பூ போடுங்க."

ரோஜாப்பூ வந்தது. பட்டனை அழுத்தினேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு எண்கள், வணக்கம் கிணக்கம் ஏதுமில்லாமல், மொட்டையாக வந்து விழுந்தன. நான் படிக்கப் படிக்க அவள் போட்டாள். பட்டனை அவளே அழுத்தினாள். வட்டம் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. 'உங்கள் இடம் உறுதி செய்யப்பட்டது.'

நாங்கள் போட்ட கூச்சலில் தோட்டத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது. "என்னாச்சு சாமி?"

"கெடச்சுருச்சுங்கப்பா!"

"அப்ப மிச்ச மரத்தைக் கழிக்கட்டுமா, இறங்கட்டுமா?" என்றார்.

அடுத்து பாயின் வாய்ஸ் மெசேஜ் ஒன்று வந்தது, முதலாவதைவிட நீளமாக. "தப்பா நெனச்சுக்காதீங்க அம்மிணி, மரியாதையில்லாம வெறும் நம்பர மட்டும் அனுப்பிட்டேனுங்க. மனசே கேக்கலீங்க..."

முழுவதையும் இரண்டு முறை போட்டுக் கேட்டோம். இப்போது எங்களுக்கு அவசரமே இல்லை.

பிறகு ரோட்டில் கிடந்த மண்ணை ஒதுக்கினார்கள், கேபிளை ஒட்டினார்கள். அவள் இப்போது கல்லூரி விடுதியில் தங்கி முதலாம் ஆண்டு படிக்கிறாள். பெட்டிகள் ஐந்தும் ஓடுகின்றன. மலை விளிம்பில் உள்ளது மட்டும் மஞ்சு என்று நாங்கள் சொல்லும் பனிமூட்டம் தொடர்ந்து மூடினால் சார்ஜ் ஏறாமல் அணைந்துவிடுகிறது. அதற்குப் பெரிய பேட்டரி இன்னும் போடவில்லை. ஆறாவது பெட்டிக்கு மாமா தன் வீட்டுக் கூரையில் இடம் கொடுத்திருக்கிறார்.