இரண்டாவது ரவுண்டு

ஸ்ரீரங்கத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது போக வேண்டுமென்றால் கோயிலுக்குப் போவார்கள். அந்தக் கோயில் அலுத்துப்போனால் வேறொரு கோயிலுக்குப் போவார்கள். மரம் பார்ப்பதற்காகப் பஸ் ஏறிய குடும்பம் எங்கள் தெருவில் அதுவரை இல்லை. அதனால் அப்பா ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், "வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாரும் மியூசியம் போறோம்" என்று சொன்னபோது எட்டு வயதான எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது.

பச்சைமலைக்குப் போகிற வழியில் இருந்தது அந்த மியூசியம். அதற்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் மர மியூசியம் என்றால்தான் புரியும். அந்தக் காலத்தில் மலைக்காட்டில் வெட்டிய மரங்களை இழுத்து வந்த நீராவி எஞ்சினை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அதைவிட முக்கியமாக, தேக்குத் தோப்பைச் சுற்றிக் குட்டி ரயில் ஒன்று நிஜமாகவே ஓடுகிறதாம். அதைக் கேட்ட பிறகு என் சந்தேகமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

நாங்கள் போனது அத்தைக்கு மாப்பிள்ளை பார்க்க. இதை என்னிடமும் மறைக்கவில்லை. "அங்க வந்து உளறிக் கொட்டிடாதே" என்று எச்சரிப்பதற்காகவாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

அத்தை அப்பாவின் தங்கை. மன்னார்புரத்தில் ஓர் ஆபீசில் வேலை, வாசம் எங்களோடு. எனக்குத் தலை பின்னுவது, வாய்ப்பாடு ஒப்பிக்கக் கேட்பது, ஜுரம் வந்தால் நெற்றியில் கை வைத்தபடி தூங்கிப்போவது எல்லாம் அவள்தான். முப்பத்திரண்டு வயதாகியும் அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் கேசரியையும் பஜ்ஜியையும் திருப்தியாகச் சாப்பிடுவார்கள். "ஊருக்குப் போய் போன் பண்றோம்" என்பார்கள். போன் வராது. அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் எதிர்வீட்டு அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "என்னங்க, இதாவது முடிஞ்சுதா?" என்று கேட்டுவிடுவார்.

கடைசியாக வந்தவர்கள் போன அன்று அத்தை பஜ்ஜித் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அப்பாவிடம் வந்தாள். "அண்ணே, இனிமே வீட்டுல வேண்டாம். என்னால இந்தத் தட்டைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்க முடியாது" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அப்பா சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பார்.

எங்கள் பக்கத்தில் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு குடும்பமும் பொது இடத்தில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வது. பிடித்திருந்தால் மேற்கொண்டு பேச்சு நடக்கும். பிடிக்காவிட்டால் அன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை. பெண் பார்க்க வந்திருப்பதாக இரண்டு தரப்பும் மூச்சுவிடக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். வழக்கமாகக் கோயிலில்தான் இதை நடத்துவார்கள். ஆனால் பெரிய கோயிலில் எந்தப் பிரகாரத்தில் ஒதுங்கி நின்றாலும் தெரிந்தவர்கள் நாலு பேர் வந்து குசலம் விசாரிப்பார்கள். ஆகவே தரகர் யோசித்து, ஸ்ரீரங்கத்து ஜனங்கள் தலைவைத்தும் படுக்காத மர மியூசியத்தைக் கண்டுபிடித்தார்.

பையனும் அவருடைய அப்பாவும் மட்டும் வருவார்கள், பையன் கண்ணாடி போட்டிருப்பார், பதினொரு மணிக்குப் பெரிய எஞ்சின் பக்கத்தில் நிற்பார்கள் என்று தகவல். போட்டோவும் வந்திருந்தது. பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கியும் தொப்பியுமாக எடுத்தது. அந்தத் தொப்பிக்குக் கீழே யாரை நிறுத்தினாலும் அப்படித்தான் இருந்திருப்பார்கள். ஜாதகம் பொருந்திய நாளிலிருந்து வீட்டில் மாப்பிள்ளையின் பெயர்தான் அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெயர் காதில் விழுந்தால் அத்தை எழுந்து போய் மடித்து வைத்த துணிகளையே மறுபடி மடிப்பாள்.

அன்றைக்கு அவள் மாம்பழ நிறத்தில் சுங்குடிப் புடவை கட்டிக்கொண்டாள். பட்டு கட்டினால் பெண் பார்க்க வந்தது தெரிந்துவிடுமாம். பூவிலும் அம்மா ஒரு முழம் குறைத்துவிட்டாள். புளியோதரை, தயிர்சாதம், மணப்பாறை முறுக்கு சகிதம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் அப்பா, "அட, நீங்களா! எதிர்பார்க்கவே இல்லையே!" என்று முணுமுணுத்து ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார்.

எஞ்சின் பக்கத்தில் ஒரு பெரியவரும், கண்ணாடி போட்ட ஓர் இளைஞரும் நின்றிருந்தார்கள். "நெத்தியில ஒண்ணுமே காணுமே" என்று அம்மா கிசுகிசுத்தாள். எங்களைப் போலவே பெருமாளைக் கும்பிடுகிற குடும்பம், அப்பாவும் பிள்ளையும் நாமம் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார்கள் என்று தரகர் அளந்துவிட்டிருந்தார். "வேர்வையில அழிஞ்சிருக்கும், சும்மா வா" என்று சொல்லிவிட்டு அப்பா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னே போனார்.

"அட, நீங்களா! எதிர்பார்க்கவே இல்லையே!"

பெரியவர் ஒரு விநாடி விழித்தார். அப்புறம் முகமெல்லாம் மலர்ந்தது. "அடடே, வாங்க வாங்க! நல்லா இருக்கீங்களா? வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்றார்.

திருச்சிப் பக்கத்து மனிதர்களிடம் இது ஒரு குணம். எதிரே வந்து சிரிப்பவரிடம் நீங்கள் யாரென்று கேட்டுவிட மாட்டார்கள். கேட்டால் அவர் மனசு கஷ்டப்படுமே. எந்தக் கல்யாணத்திலோ பக்கத்து இலையில் சாப்பிட்டவராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, நினைவு வருகிறவரை பேசிக்கொண்டே இருப்பார்கள். பெரியவர் அதைத்தான் செய்தார். காவிரியில் தண்ணீர் விட்டதைப் பேசினார்கள், வெயிலைப் பேசினார்கள், அம்மா கொடுத்த முறுக்கைப் பேசினார்கள். கல்யாணம் என்ற வார்த்தையே எடுக்காமல் இத்தனை நேரம் பேச முடிகிறதே, எவ்வளவு நாகரிகமான சம்பந்தி என்று அப்பா பூரித்துப்போனார்.

அதற்குள் குட்டி ரயில் கூவியது. "சின்னவங்க எல்லாம் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்களேன்" என்று அப்பா ஏற்பாட்டைத் தொடங்கினார். பெண்ணும் பையனும் தனியாகப் பேசும்போது துணைக்கு ஒரு குழந்தையை நடுவில் உட்கார வைப்பது முறை. அந்த உத்தியோகம் எனக்கு. ஒரு பெஞ்சில் மூன்று பேர் உட்காரலாம். எனக்கு ஓரத்து இடம்தான் வேண்டுமென்று நான் ஒரே பிடியாக நின்றதில் அத்தை நடுவில் உட்கார வேண்டியதாயிற்று. பிளாட்பாரத்திலிருந்து அம்மா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டிக்கொண்டே இருந்தாள். நான் எஞ்சினைப் பார்த்துக்கொண்டேன்.

ரயில் கிளம்பித் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி வளைந்தது. அந்த மாமா தன் பெயரைச் சொன்னார், கல்லூரியில் பாடம் நடத்துவதாகச் சொன்னார். என் வகுப்பில் ஒருவனுக்கும் அதே பெயர் என்று நினைத்துக்கொண்டதோடு என் அக்கறை முடிந்தது. அத்தை சட்டென்று திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் யாரையும் அவள் அப்படி நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தன் பெயரைச் சொன்னாள்.

"உள்ள அறுத்து வச்சிருக்கிற தேக்கைப் பாத்தீங்களா?" என்று அவர் கேட்டார். "மழை இல்லாத வருஷத்துல வளையம் மெல்லிசா இருக்குமாம்."

"பாத்தேன். மரத்துக்குப் பரவாயில்லைங்க. இந்த வருஷம் ஏன் வளரலைன்னு யாரும் வாசல்ல வந்து நின்னு கேக்க மாட்டாங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அத்தையும் சிரித்தாள். அவளுடைய சிரிப்பு எனக்குத் தெரியும், நான் ஏதாவது அசட்டுத்தனமாகச் சொல்லும்போது சிரிப்பாள். இது வேறு சிரிப்பாக இருந்தது. யாரும் தன்னை எடைபோடவில்லை என்கிற தெம்பில் அவள் என்னென்னவோ பேசினாள். ஆபீசுக்குப் போகிற பஸ் கொள்ளிடக் கரைக்கு அந்தப் பக்கமாக ஒரே ஒரு நாள் வழி தவறிப் போய்விடாதா என்று நினைப்பாளாம். எங்கள் யாரிடமும் அவள் சொல்லாத ஆசை அது.

ரயில் வந்து நின்றது. தூரத்தில் அப்பா எங்களை வரச் சொல்லிக் கையை வீசிக்கொண்டிருந்தார். ரயிலில் எங்களைத் தவிர ஓரிருவர்தான். "இறங்குறீங்களா, இன்னொரு ரவுண்டு வரீங்களா?" என்று டிரைவர் கேட்டார்.

"கொழந்தை ஆசைப்படுறா, இன்னொரு ரவுண்டு போலாம்" என்றாள் அத்தை.

நான் வாயே திறக்கவில்லை. என் மனதில் இருந்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த மாமா, "நானும் வரலாமா?" என்று அவளைக் கேட்டார். அத்தை தலையை மட்டும் அசைத்தாள்.

இரண்டாவது ரவுண்டில் அவர்கள் அதிகம் பேசவில்லை. தோப்பில் வெயில் விழுந்து விழுந்து மறைந்தது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாதி வழியில், "இந்த ரயில் இன்னும் கொஞ்சம் மெதுவா போகாதா?" என்று கேட்டாள். யாரைக் கேட்டாளோ தெரியவில்லை.

நாங்கள் இறங்கி வந்தபோது அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் பக்கத்தில் நெற்றி நிறைய நாமத்தோடு வேறொரு பெரியவரும், கண்ணாடி போட்ட வேறொருவரும் நின்றிருந்தார்கள். துறையூர் பஸ் வழியில் மக்கர் பண்ணியதில் தாமதமாம். அப்பா மறுபடியும், "அட, நீங்களா, எதிர்பார்க்கவே இல்லையே" என்றார். இந்தத் தடவை அது நிஜமாகவே அப்படித்தான் இருந்தது.

முதல் பெரியவருக்குக் கடைசிவரை நாங்கள் யாரென்று நினைவு வரவில்லை. "அப்ப நாங்க வரோங்க, வீட்டுல கேட்டதாச் சொல்லுங்க" என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். அந்த மாமா அத்தையைப் பார்த்து, "வரேங்க" என்றார். "சரிங்க" என்றாள் அத்தை. அவர்கள் கேட்டைத் தாண்டும்வரை கையாட்டியது நான் மட்டும்தான்.

நிஜ மாப்பிள்ளையோடு ரயிலில் போகச் சொன்னபோது, தலை சுற்றுகிறது என்று அத்தை சொல்லிவிட்டாள். மூன்றாவது ரவுண்டு போச்சே என்று எனக்கு அழுகை வந்தது.

தாமதமாக வந்த அந்த வரன்தான் அமைந்தது. மாமா நல்ல மனிதர், அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. வைகாசியில் கல்யாணமாகி, மாமா வேலை பார்த்த நாக்பூருக்கு அத்தை போய்விட்டாள். அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. அம்மா தலை பின்னினால் இழுத்தது, வாய்ப்பாடு மறந்துபோனது. போனில் பேசும்போதெல்லாம், "வா அத்தை, ரயில்ல போலாம்" என்பேன். "வரேண்டி, போலாம்" என்பாள். எத்தனையோ லீவுக்கு வந்தாள், அந்தப் பக்கம் மட்டும் போகவே இல்லை.

மாப்பிள்ளை மாறிப்போன கதை எங்கள் குடும்பத்தில் நிரந்தர வேடிக்கையாகிவிட்டது. விசேஷம் என்று நாலு பேர் கூடினால் அப்பா தொடங்கிவிடுவார். போன தை மாதம் என் கல்யாணத்துக்கு முந்தின நாளும் அப்படித்தான். மண்டபத்தில் அத்தை தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு அப்பா கைகளை விரித்து "அட, நீங்களா!" நடித்துக் காட்டினார். எல்லோரையும்விட மாமாதான் அதிகம் சிரித்தார்.

"ரெண்டு ரவுண்டு போயிருக்காங்க, ஒருத்தர் பேரை ஒருத்தர் கேட்டுக்கலை பாருங்க! கேட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமே" என்றார் அப்பா.

எத்தனையோ தடவை கேட்ட கதை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பெயர் சொல்லிக்கொண்டார்களே, நான் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன். முதல் ரவுண்டிலேயே, தண்ணீர்த் தொட்டி தாண்டி வளைகிற இடத்தில் அவர் சொன்னார். சேவியர். என் வகுப்புப் பையன் பெயரும் அதுதான். வீட்டில் அத்தனை நாளும் அடிபட்ட பெயர் வரதராஜன். இந்த மனிதர் நாம் பார்க்க வந்தவர் இல்லை, ஒருநாளும் நம் வீட்டுக்கு வரப்போகிறவரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அத்தை இன்னொரு ரவுண்டு கேட்டிருக்கிறாள்.

தேங்காயும் கையுமாக அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவள் கை அப்படியே நின்றது.

"கொழந்தை ஆசைப்பட்டா, அதான் ரெண்டாவது ரவுண்டு போனோம்" என்றாள், எல்லோரிடமும்.

"ஆமாப்பா, நான்தான் அடம்பிடிச்சேன்" என்றேன் நான்.